கோப்பையைக் கழுவுவது யார்?

தமிழ்ப்பள்ளி மாணவர் எழுதும் கட்டுரைகளுள் ஆண்டுதோறும் தவறாமல் இடம்பெறுவது சுற்றுச்சூழல் தூய்மை பற்றிய கட்டுரையாகும். அதன் முன்னுரை இயற்கை அன்னையைப் போற்றும். கருத்துப் பகுதி மாசு பெருகுவதை நினைந்து வருந்தும். முடிவுரை, ஒவ்வொருவரும் தத்தம் கடமையை உணர்ந்து செயல்பட வேண்டும் என்று கூறி நிறைவுறும். எழுத்துப் பிழை இராது. மரபுத்தொடர் ஒன்றும் பழமொழி ஒன்றும் உரிய இடத்தில் அமைந்திருக்கும். மதிப்பெண்ணும் குறைவின்றிக் கிட்டும். ஆயினும் அக்கட்டுரையை எவ்வளவு துருவினாலும் அதனுள் ஒரு குப்பைப் பொருளையேனும் கண்ணால் காண இயலாது. குப்பையைப் பற்றிய கட்டுரையில் குப்பை இல்லை!

தமிழில் ‘பொருள்’ என்ற சொல் பண்டத்தையும் குறிக்கும், கருத்தையும் குறிக்கும். இந்த இணைப்பு ஆழ்ந்து எண்ணத்தக்கது. பண்டம் இல்லாத எழுத்தில் கருத்தும் நெடுநேரம் தங்குவதில்லை. இக்குறைக்கு மாணவனைப் பொறுப்பாக்குதல் முறையன்று. அவனுக்கு முன்மாதிரியாகக் கொடுக்கப்பட்ட கட்டுரைகள் அப்படித்தான் இருக்கின்றன. மேடைப் பேச்சுகளும் அப்படியே. எழுத்தாளர் பலரும் இத்துறையில் அறவுரைக்கு அப்பால் செல்லத் தயங்குகின்றனர். ஆதலின், காப்பிக்கடையில் ஒருமுறை பயன்படுத்தி எறியப்படும் கோப்பை என்ற ஒரே பண்டத்தை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றிப் பேசப்படுவனவற்றையும் பேசாது விடப்படுவனவற்றையும் ஆராய்தல் பயனுடையதாகும்.

லகாட்டின் காப்பிக்கடை

ஈப்போவிலிருந்து மெங்கிலம்பைக் கடந்து செல்வோர் லகாட்டை அடைவர். கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயத்தால் எழுந்த சிற்றூர்களுள் அதுவும் ஒன்று. இத்தகைய ஊர்களில் காப்பிக்கடை என்பது வாணிக நிலையம் மட்டுமன்று. செய்தி பரவும் இடம், வழக்குத் தீரும் இடம், முதியோர் பொழுது போக்கும் இடம். ஈப்போ வட்டாரத்துக்கே உரிய வெள்ளைக் காப்பி இக்கடைகளில் வளர்ந்தது. காப்பிக்கொட்டையை மார்ஜரினோடு வறுத்து, இறக்கிய சாற்றில் கெட்டிப்பால் கலந்து தருவர். அது வந்த கலமும் தனித்தன்மை உடையது. தடித்த வெண்பீங்கான், பல கடைகளில் அதன்மேல் பச்சை வண்ணப் பூ வேலைப்பாடு, அடியில் ஒரு தட்டு. சூட்டைப் பிடித்து வைப்பதற்காகவும், நாளொன்றுக்குப் பன்முறை கழுவப்பட்டும் உடையாமல் நிற்பதற்காகவும் அக்கோப்பை தடிப்பாகச் செய்யப்பட்டது. ஒரு கோப்பை பல்லாயிரம் வாய்களைக் கண்டது.

வீட்டுக்கோ வேலைக்கோ காப்பி வாங்கிச் செல்வோர் அக்காலத்தும் இருந்தனர். அவர்களுக்குக் கெட்டிப்பால் இருந்த காலி டின்னில் ஊற்றி, கயிற்றுப் பிடி கட்டிக் கொடுப்பது வழக்கமாய் இருந்தது. இது கூர்ந்து நோக்கத்தக்க செயல். கடை எறிந்திருக்க வேண்டிய பொருளே கலமாயிற்று. குப்பை ஆவதற்கு முன் அது இன்னொரு முறை உழைத்தது. பின்னர் நெகிழிப் பை வந்தது. சுடுகாப்பியை அதில் ஊற்றி, ராஃபியா நாரால் ஒருபுறம் கட்டி, விரலில் மாட்டிக் கொடுத்தனர். அதன்பின் மூடியிட்ட நெகிழிக் குவளையும் காகிதக் குவளையும் வந்தன. இன்று, கடைக்குள்ளேயே அமர்ந்து குடிப்பவருக்கும் சில இடங்களில் எறியும் கோப்பையே தரப்படுகிறது. டின், பை, குவளை என்ற இம்மூன்று படிகளில் பானம் பெரிதும் மாறவில்லை. கலத்தின் ஆயுளே மாறியது. ஆண்டுக்கணக்கில் இருந்தது நிமிடக்கணக்கில் ஆயிற்று.

மங்கு துடைத்த கைகள்

தோட்டத்துத் தமிழரின் வாழ்வில் கோப்பைக்கு மற்றொரு பெயரும் உண்டு, அது மங்கு. பால்மரத்தின் வெட்டுக்குக் கீழே கம்பியில் பொருத்தப்பட்டு, சொட்டும் பாலை ஏந்திய கலம் அது. ‘மங்குக்’ என்ற மலாய்ச் சொல்லோடு ஒலியிலும் பொருளிலும் அது ஒத்திருக்கிறது. 1877இல் கோலக்கங்சாரில் ஊன்றப்பட்ட நாற்றுகள் முதலாகப் பேராக்கில் ரப்பர் வேரூன்றிய வரலாற்றை மாணவர் படிக்கின்றனர். அம்மரங்களின் பாலை ஏந்திய மங்கின் வரலாற்றை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த சீனக் குயவரின் நீண்ட சூளைகளில் சுடப்பட்ட பொருள்களுள் இந்த ரப்பர்ப்பால் மங்கு முதன்மையானது. ஒரு சமூகம் சுட்டது. மற்றொரு சமூகம் ஏந்திப் பிடித்தது.

மங்கு எறியப்படவில்லை. விடியற்காலையில் அதைத் துடைத்து வைத்த பின்னரே மரம் வெட்டப்பட்டது. பள்ளிக்குச் செல்லும் முன்னும் விடுமுறையிலும் பெற்றோருக்குத் துணையாக மங்கு துடைத்த சிறுவர் சிறுமியர் எண்ணற்றோர். அந்தத் துடைப்புக்குக் கூலி இல்லை. பெற்றோரின் கூலி குறையாமல் காக்கும் உழைப்பு அது. ஆகவே மங்கின் நெடிய ஆயுளைக் கண்டு வியப்பவர், அந்த ஆயுளை நீட்டித்த பிஞ்சுக் கைகளையும் காணவேண்டும். அக்காலம் பொற்காலம் என்று புகழ்வது பிழை. மீண்டும் மீண்டும் பயன்படும் ஒவ்வொரு கலத்தின் பின்னாலும், அதைத் துடைக்கவோ கழுவவோ ஒருவர் நின்றாக வேண்டும். எறியும் கோப்பையைப் பற்றிய சிக்கல் முழுவதும் இந்த ஓர் உண்மையில் அடங்கியிருக்கிறது. கடைக்காரர் எறியும் கோப்பையை வாங்கும்போது கோப்பையை மட்டும் வாங்குவதில்லை. கழுவும் ஆள், நீர், சவர்க்காரம், உடைவு ஆகிய நான்கு செலவுகளிலிருந்து விடுதலையை வாங்குகிறார். அவரைச் சோம்பேறி என்றோ பொறுப்பற்றவர் என்றோ ஏசும் எழுத்து இந்தக் கணக்கைப் பார்க்கத் தவறிய எழுத்தாகும்.

எறியும் கோப்பை பிறந்த கதை

காகிதக் கோப்பை சோம்பலில் பிறந்ததன்று, அச்சத்தில் பிறந்தது. அதிலும் அந்த அச்சத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பங்கு உண்டு என்பது ஆசிரியர் அறியவேண்டிய செய்தி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பள்ளிகளிலும் இரயில்களிலும் குடிநீர்த் தொட்டியருகே ஒரே ஒரு பொதுக் குவளை தொங்கும். எல்லாரும் அதிலேயே குடிப்பர். லஃபாயெட் கல்லூரியின் உயிரியல் பேராசிரியர் ஆல்வின் டேவிசன் பள்ளிக் குவளைகளை நுண்நோக்காடியில் ஆராய்ந்து, அவை நோயைப் பரப்புவதை 1908இல் எழுதி வெளியிட்டார். மறு ஆண்டு, 1909இல், கான்சஸ் மாநிலம் பொதுக் குவளையைத் தடை செய்தது. அதே காலத்தில் பாஸ்டன் நகர வழக்கறிஞர் லாரன்ஸ் லூயலன் காகிதத்தால் ஒரு குவளையைச் செய்திருந்தார். ‘நலக் குவளை’ என்ற பொருள்படும் பெயரோடு விற்கப்பட்ட அது, 1919இல் ‘டிக்ஸி’ என்னும் பெயர் பெற்று உலகறிந்த பண்டமாயிற்று.

ஆகவே எறியும் கோப்பை ஒரு நன்மையோடுதான் உலகுக்கு வந்தது. காச நோயும் தொண்டை அடைப்பானும் குழந்தைகளைக் கொன்ற காலத்தில் அது உயிர் காத்தது. இதை மறைத்துவிட்டு அதனைத் தீமையின் உருவாக மட்டும் காட்டுவது நேர்மையான திறனாய்வு ஆகாது. ஆயினும் அன்று வெந்நீரும் குழாய் நீரும் எளிதிற் கிட்டாத இடங்களுக்கு விடையாக வந்த பொருள், இன்று குழாயும் தொட்டியும் உள்ள கடைக்குள்ளும் அமர்ந்துவிட்டது. காரணம் மறைந்த பின்னும் பழக்கம் நின்றுவிட்டது.

பொருளின் இயல்பும் மாறியது. தொடக்கக் காலக் கோப்பைகளுக்கு மெழுகு பூசினர். சுடுபானத்துக்கு மெழுகு தாங்காது. ஆதலின் பாலியெத்திலீன் என்னும் நெகிழியை உட்புறத்தில் மெல்லிய தோலாக ஒட்டினர். எடையில் அது ஏறத்தாழ 5 விழுக்காடுதான். ஆனால் அந்தத் தோலைப் பிரிக்கத் தனி ஆலை வேண்டும் என்பதால், பழைய காகிதத்தோடு அதைச் சேர்க்க இயலாது. காகிதம் என்று பெயர். காகிதத்தின் கதி இல்லை. கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, இத்தகைய கோப்பையில் 100 மில்லி லிட்டர் சுடுநீர் 15 நிமிடம் இருந்தால் ஏறத்தாழ 25,000 நுண் நெகிழித் துகள்கள் நீரில் கலக்கின்றன. நலம் காக்க வந்த குவளையே நலம் பற்றிய வினாவை எழுப்பியிருப்பது காலத்தின் விந்தை.

எச்சிலும் இரட்டைக் குவளையும்

தமிழரிடையே கோப்பையைப் பற்றிப் பேசும்போது ‘எச்சில்’ என்ற சொல்லைத் தவிர்க்க முடியாது. தம்ளரை உதட்டில் படாமல் உயர்த்தி அண்ணாந்து குடிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதனைத் தூய்மையின் அடையாளம் என்று பாராட்டுவோர் உளர். அது தூய்மையோடு நில்லாமல் தீட்டாகவும் மாறிய வரலாற்றை அவர்கள் சொல்வதில்லை. தமிழ்நாட்டுச் சிற்றூர்த் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனிக் குவளையும் சிரட்டையும் வைத்த இரட்டைக் குவளை முறை நம் வரலாற்றின் இழிவு. இந்திய அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. பொது உணவகக் கலங்களைப் பயன்படுத்தத் தடுப்பதை 1955ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. அதன் பின்னும் அம்முறை பல ஊர்களில் நீடித்ததைக் கள ஆய்வுகள் பதிவு செய்துள்ளன.

இங்கே எறியும் கோப்பையின் வருகை எதிர்பாராத ஒரு விளைவைத் தந்தது. சில கடைகள் ஒரு சாராருக்குக் கண்ணாடிக் குவளையும் மற்றவருக்கு எறியும் குவளையும் கொடுத்து, பழைய இழிவைப் புதிய பண்டத்தால் தொடர்ந்தன. வேறு சில கடைகளில் எல்லாருக்கும் எறியும் குவளையே வந்தபோது, வேறுபாடு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது. மறைந்ததா, மூடப்பட்டதா என்பதே வினா. ஒருவர் குடித்த கலத்தைக் கழுவ மனம் கூசியவர், கழுவ வேண்டாத கலத்தைக் கண்டதும் நிம்மதி அடைந்தார். அவருடைய மனம் மாறவில்லை, குவளைதான் மாறியது.

எனவே, ‘எறியும் கோப்பையை ஒழித்துப் பழைய குவளைக்குத் திரும்புவோம்’ என்று முழங்குவோர் ஒன்றை விளக்கக் கடமைப்பட்டவர்கள்: எந்தப் பழைய குவளைக்கு? ஒரே வரிசையில், ஒரே தொட்டியில் கழுவப்பட்டு, வருவோர் யாவர்க்கும் வேறுபாடின்றி நீட்டப்படும் குவளைக்குத் திரும்புவதே திரும்புதல் ஆகும். அத்தகைய குவளை கடந்த காலத்தில் எல்லா இடத்திலும் இருந்ததில்லை. உண்மையில் அது இனிச் செய்யப்பட வேண்டியது. மலேசியக் காப்பிக்கடையில் பல இனத்தவரும் பல சமயத்தவரும் ஒரே கூரையின் கீழ் அமர்கின்றனர். அவரவர் உணவு விதியை ஒட்டிக் கலத்தைப் பற்றிய தயக்கமும் எழக்கூடும். அத்தயக்கத்தை ஏளனம் செய்யாமல், கழுவும் முறையைக் கண்முன் காட்டி நம்பிக்கை ஊட்டுவதே கடைக்காரரின் பண்பாக இருக்க முடியும்.

அ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூல் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. நாள்தோறும் அருந்தும் ஒரு பானம் தமிழ் நடுத்தர வகுப்பின் அடையாளமானதையும், தேநீர் உழைப்பாளரின் பானமாகக் கருதப்பட்டதையும் அந்நூலின் தலைப்புக் கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. சிறு பண்டத்தின் வழியாகப் பெரிய சமூகத்தைப் படிக்க முடியும் என்பதற்கு அது நல்ல சான்று. டபரா தம்ளர், தோட்டத்து எனாமல் குவளை, பால் டின், மங்கு, பீங்கான் கோப்பை ஆகியவற்றின் வரலாறும் அதே உழைப்போடு எழுதப்பட வேண்டும். மலேசியத் தமிழ் எழுத்து பால்மரத்தைப் பாடியிருக்கிறது; வெட்டுக்கத்தியையும் பாடியிருக்கிறது. கலங்களின் பக்கம் அது இன்னும் போதிய அளவு திரும்பவில்லை.

இலையும் கோப்பையும்

‘வாழையிலையில் உண்டு எறிவதும் நம் மரபுதானே? அப்படியிருக்கக் கோப்பையை எறிந்தால் என்ன?’ என்று கேட்போரும் உளர். கேள்வி நியாயமானது. எறிதல் தமிழர்க்கு அயலானதன்று. ஆனால் இலையை எறிந்தவர் அது எங்கே செல்லும் என்பதை அறிந்திருந்தார். மாடு தின்றது, எஞ்சியது மண்ணாயிற்று. கோப்பையை எறிபவர் அது செல்லும் இடத்தை அறியார். வட இந்திய மண்குவளையும் இவ்வாறே எடுத்துக்காட்டப்படுவதுண்டு. 2004இல் இரயில்வே அமைச்சராய் இருந்த லாலு பிரசாத் நிலையங்களில் மண்குவளையை மீண்டும் கொணர்ந்தார். குயவருக்கு வாழ்வளிக்கும் திட்டம் என்று அது வரவேற்கப்பட்டது. எனினும் விலை, உடைவு, வழங்கல் ஆகிய இடர்களால் அது எங்கும் நிலைபெறவில்லை. மேலும் மண்ணைச் சுட விறகோ கரியோ வேண்டும். ஒருமுறை குடித்துவிட்டு உடைப்பதற்காகச் சுடப்படும் மண்ணும் மண்வளத்தின் செலவே. பேராக்கின் சாயோங் குயவர் செய்யும் லாபு என்னும் நீர்க்கலம் இதற்கு மாறானது. அதுவும் மண்தான், ஆனால் ஆண்டுகள் பல நீரைக் குளிர்விப்பதற்கென்று சுடப்பட்டது. மண்ணா நெகிழியா என்பதோடு, எத்தனை முறை என்பதையும் சேர்த்தே கேட்கவேண்டும்.

தமிழ்நாட்டின் தடை

சட்டத்தின் துணைகொண்டு இச்சிக்கலைத் தீர்க்க முனைந்த தமிழ் நிலம் தமிழ்நாடு. 2018ஆம் ஆண்டு சூன் 5ஆம் நாள், உலகச் சுற்றுச்சூழல் நாளன்று, அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி சட்டமன்றத்தில் தடையை அறிவித்தார். 2019 சனவரி 1 முதல் 14 வகைப் பொருள்கள் தடை செய்யப்பட்டன. நெகிழித் தேநீர்க் குவளையும் நெகிழி பூசிய காகிதக் குவளையும் அப்பட்டியலில் இருந்தன. காகிதத்தின் போர்வையில் ஒளிந்த நெகிழியை அப்பட்டியல் கண்டுகொண்டது. இது பாராட்டுக்குரிய தெளிவு. தடை நடப்புக்கு வந்ததும் தேநீர்க்கடைகள் பலவற்றில் கண்ணாடிக் குவளைகள் மீண்டும் வரிசையில் அமர்ந்தன.

காகிதக் குவளை உற்பத்தியாளர் வழக்குத் தொடுத்தனர். கடன் பெற்று இயந்திரம் வாங்கிய சிறுதொழில் முனைவோரும் அவர்களை நம்பிய தொழிலாளரும் அவ்வழக்கின் பின்னால் இருந்தனர். அவர்தம் துயரம் பொய்யன்று. சென்னை உயர்நீதிமன்றம் 2019இல் தடையை உறுதி செய்தது. 2023 அக்டோபரில் இந்திய உச்சநீதிமன்றமும் காகிதக் குவளை மீதான தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது. 2021 திசம்பரில் தமிழ்நாட்டு அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. பைக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு நினைவும் ஒரு பெயரும் கிடைத்தன. கிராமத்தான் என்று ஏளனம் செய்யப்பட்டதன் அடையாளமாய் இருந்த பையைப் பெருமையாக மாற்றிய அந்தச் சொல்லாட்சி மொழியின் வெற்றி என்றே சொல்லலாம்.

குவளைக்கு அத்தகைய சொல் கிடைக்கவில்லை. தடை இருந்தும் பூசிய காகிதக் குவளை தமிழ்நாட்டுக் கடைகளிலிருந்து முற்றாக மறையவில்லை. காரணத்தை ஆராய்ந்தால் பழைய வினாவே எதிர்ப்படுகிறது. மஞ்சள் பையை வாங்குபவர் தாமே கொண்டுசெல்கிறார். அதைத் துவைப்பதும் அவரே. குவளையைக் கழுவ வேண்டியவர் கடையில் கூலிக்கு நிற்கும் ஒருவர். தடையாணை எதை எறியலாகாது என்று கூறிற்று. யார் கழுவுவது, எந்த நீரில் கழுவுவது, அவர்க்கு என்ன கூலி என்று கூறவில்லை. கோடையில் குடிநீருக்கே வரிசை நிற்கும் ஊரில் இவை சிறு வினாக்கள் அல்ல.

விலையும் சலுகையும்

பிற நாடுகளின் பட்டறிவும் இதனைத் தெளிவாக்கும். பிரிட்டனில் 2018 வாக்கில் ஆண்டுக்கு 250 கோடி காப்பிக் குவளைகள் எறியப்பட்டன. 400இல் ஒன்றுகூட மறுசுழற்சிக்குச் செல்வதில்லை என்று அந்நாட்டு நாடாளுமன்றக் குழு 2018 சனவரியில் கூறியது. குவளைக்கு 25 பென்ஸ் கட்டணம் விதிக்குமாறு குழு பரிந்துரைத்தது, அரசு ஏற்கவில்லை. கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று மனித மனத்தின் இயல்பை அழகாகக் காட்டிற்று. சொந்தக் குவளை கொண்டுவந்தால் விலையில் தள்ளுபடி என்றபோது மாற்றமில்லை. எறியும் குவளைக்குத் தனிக் கட்டணம் என்றபோது சிலரேனும் மாறினர். கிடைக்கும் காசைவிட இழக்கும் காசே மனத்தைத் தொடுகிறது.

செருமனியின் டூபிங்கன் நகரம் 2022 சனவரி முதல் எறியும் குவளை ஒன்றுக்கு 50 சென்ட் வரி விதித்தது. அவ்வரி செல்லும் என்று அந்நாட்டு அரசியல்சட்ட நீதிமன்றம் 2025 சனவரியில் அறிவித்தது. அதே நாட்டின் ஃபிரைபர்க் நகரில் 2016 முதல் ஒரு யூரோ முன்பணம் கட்டிக் குவளையைப் பெற்று, வேறு கடையிலும் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு நடந்தது. கழுவும் பொறுப்பு கடைகளுடையது. தென்கொரியாவோ எச்சரிக்கை தரும் எடுத்துக்காட்டு. 2018 ஆகஸ்டில் கடைக்குள் எறியும் நெகிழிக் குவளையைத் தடுத்த அந்நாடு, 2020இல் பெருந்தொற்றின்போது அதைத் தளர்த்தியது. பின்னர் மீண்டும் கொணர்ந்தது. காகிதக் குவளைக்கும் தடையை நீட்டிக்க முனைந்து, கடைக்காரரின் கழுவும் சுமையைக் கருதி 2023 நவம்பரில் அதனைக் கைவிட்டது. சட்டம் வலிமையானதாய் இருந்தும் கழுவும் தொட்டியருகே வந்து தடுமாறியது.

மலேசியாவும் 2018இல், ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழியை 2030க்குள் ஒழிக்கும் வழிகாட்டித் திட்டம் ஒன்றை வெளியிட்டது. அதே ஆண்டு சீனா அயல்நாட்டு நெகிழிக் குப்பையை ஏற்க மறுத்ததால், பிற நாடுகளின் குப்பைக் கொள்கலன்கள் மலேசியத் துறைமுகங்களை நோக்கி வந்தன. 2019இல் அவற்றுள் சிலவற்றை அரசு திருப்பி அனுப்பியது. செல்வ நாடுகளில் ‘மறுசுழற்சிக்கு’ என்று தனியே இடப்பட்ட பொருள், கடல் கடந்து வேறொருவர் ஊரின் குப்பையாயிற்று.

எறியும் இடம் எங்கே?

‘தூர எறி’ என்ற சொல் நாள்தோறும் வழங்குகிறது. தூரம் என்பது எவருடைய வாசல் என்று கேட்பதற்கு லகாட்டைவிடப் பொருத்தமான ஊர் அரிது. லகாட்டை ஒட்டிய புக்கிட் மேராவில் ஏசியன் ரேர் எர்த் ஆலை 1982இல் இயங்கத் தொடங்கியது. ஈயச் சுரங்கத்தின் கழிவு மணலில் கிடைத்த மொனசைட்டிலிருந்து அருமண் தனிமங்களைப் பிரித்தெடுத்த அவ்வாலை, கதிரியக்கத் தோரியம் கலந்த கழிவை விட்டுச் சென்றது. கழிவை வைக்குமிடம் குறித்து மக்கள் கிளர்ந்தனர். 1985இல் வழக்குத் தொடுத்தனர். ஈப்போ உயர்நீதிமன்றம் 1992 சூலையில் ஆலையை மூடுமாறு தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றம் 1993 திசம்பரில் அதை மாற்றியது. எனினும் 1994இல் ஆலை மூடப்பட்டது. கழிவு கிளேடாங் மலைப்பகுதியில் புதைக்கப்பட்டது.

தோரியத்தையும் காப்பிக் கோப்பையையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது அறியாமை. தீமையின் அளவில் அவை மலையும் மடுவும் ஆகும். ஒரே ஓர் உண்மையில்தான் அவை ஒப்புமை உடையன. எறியப்பட்ட பொருள் ஒருவர் கண்ணுக்கு மறைந்தாலும் உலகிலிருந்து மறைவதில்லை. அது மற்றொருவர் ஊருக்குப் போய்ச் சேர்கிறது. அந்த மற்றொரு ஊராய் இருந்து பட்டறிந்த மக்கள் இவ்வட்டாரத்தார். ஆதலின், குப்பை எங்கே செல்கிறது என்ற வினாவை எழுப்பும் உரிமையும் கடமையும் அவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே உண்டு.

எழுத்தும் செயலும்

இனித் தொடங்கிய இடத்துக்குத் திரும்பலாம். தமிழ்ப்பள்ளியின் பொங்கல் விழாவையோ விளையாட்டுப் போட்டியையோ எண்ணிப் பார்ப்போம். 200 பேர் கூடுகின்றனர். ஒவ்வொருவரும் இருமுறை பானம் அருந்துகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு விழாவுக்கு 400 கோப்பைகள். ஆண்டுக்கு ஐந்து விழாவென்றால் 2,000 கோப்பைகள். அதே விழா மேடையில் மாணவி ஒருத்தி சுற்றுச்சூழல் பற்றிப் பேசிப் பரிசு பெறுகிறாள். எழுத்தாளர் கூட்டங்களும் இதற்கு விலக்கல்ல. இலக்கியத்தின் சமூகப் பொறுப்பைப் பற்றி விரிவாக உரையாற்றியவர் கையிலும் இடைவேளையில் நெகிழிக் குவளையே இருக்கிறது. இது எவரையும் இழிப்பதற்குக் கூறப்படுவதன்று. சொல்லும் பண்டமும் ஒன்றையொன்று சந்திக்காமல் போகின்ற இடம் இதுதான் என்று சுட்டுவதற்கே கூறப்படுகிறது.

கட்டுரைப் பயிற்சியை இங்கிருந்து மாற்றலாம். ‘சுற்றுச்சூழல் தூய்மை’ என்று தலைப்பிடுவதற்கு மாறாக, ‘நம் விழாவுக்குப் பின் எஞ்சிய கோப்பைகள்’ என்று தலைப்பிடுக. மாணவர் எண்ணட்டும். அருகிலுள்ள காப்பிக்கடைக்குச் சென்று, பீங்கான் கோப்பையை ஏன் குறைத்தீர்கள் என்று பணிவோடு கேட்கட்டும். கழுவுபவரோடு பேசட்டும். பாட்டி தாத்தாவிடம் மங்கு துடைத்த கதையைக் கேட்டு வரட்டும். குப்பை வண்டி எங்கே செல்கிறது என்று விசாரிக்கட்டும். இவ்வளவும் செய்தபின் எழுதப்படும் கட்டுரையில் பழமொழி குறையலாம், முடிவுரை தடுமாறலாம். ஆனால் அதில் பொருள் இருக்கும், அச்சொல்லின் இரு பொருளிலும். கடைக்காரரைப் பகைவராக்காமல், அவருடைய கணக்கையும் புரிந்துகொண்டு, ‘உள்ளே அமர்ந்து குடிப்பவருக்குப் பீங்கான், எடுத்துச் செல்பவர் கொண்டுவரும் கலத்துக்கு மறுப்பில்லை, எறியும் கோப்பை கேட்டால் தனி விலை’ என்ற எளிய ஏற்பாட்டை அவரோடு பேசும் துணிவும் அம்மாணவனுக்கு வரும்.

பள்ளிகளும் சங்கங்களும் தம் விழாவுக்கென நூறோ இருநூறோ எஃகுக் குவளைகளை ஒருமுறை வாங்கி வைக்கலாம். வாங்குவது எளிது, கழுவுவதில்தான் சோதனை. அந்த வேலையைச் சமையலறைப் பெண்கள் தலையிலும் பணியாளர் தலையிலும் வழக்கம்போல் ஏற்றிவிட்டால், மங்கு துடைத்த குழந்தைகளின் கதையே வேறு வடிவில் தொடரும். விருந்தினரும் தலைவரும் ஆசிரியரும் மாணவரும் ஆணும் பெண்ணும் தாம் குடித்த குவளையைத் தாமே கழுவி வைக்கும் வழக்கம் வரவேண்டும். எச்சிலைக் கழுவக் கூசாத கை எங்கே இருக்கிறதோ அங்கே தீட்டும் நிற்காது, குப்பையும் குவியாது. சுற்றுச்சூழல் பற்றிய அடுத்த கட்டுரையை மாணவர் அந்தக் கழுவும் தொட்டியருகே நின்று தொடங்கட்டும்.